அண்டா வண்டிக்குப் போட்ட பச்சைக் கயிறு

ஒரே ஒரு மலை. அந்த மலைக்கு ஒரே ஒரு பாதை. அந்தப் பாதைக்கு ஒரே ஒரு ஜீப் என்று இருந்திருந்தால் கதையே கிடையாது சார், எல்லாரும் ஏறி உட்கார்ந்து போய்ச் சேர்ந்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஜீப் ஒன்பது. அதனால்தான் கதை.

உட்காருங்கள். உங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் நானே கூப்பிட்டேன். கோயம்புத்தூர் நம்பர். புது வண்டி. முன்னால் வின்ச், அதுதான் வண்டியை இழுக்கிற மோட்டார் உருளை. அந்த வின்ச்சில் இன்னமும் இரும்புக் கம்பி. "கம்பியக் கழட்டிட்டு நூல் கயிறு போடலாமான்னு யோசிக்கிறேன்" என்று நீங்கள் கடையில் சொன்னது என் காதில் விழுந்தது. நல்ல யோசனை. ஆனால் தெரியாமல் செய்துவிடக் கூடாது. நான் சொல்கிறேன், என் வண்டிக்கு நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து, நானே மாட்டினது. முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மேலே உச்சியில் பூதநாச்சி கோயில் இருக்கிறது. கார்த்திகை மாதம் கடைசி ஞாயிறு அங்கே கிடாய் வெட்டிக் கறிச்சோறு. நானூறு பேர் சாப்பிடுவார்கள். நானூறு பேருக்கும் சோறு ஒரே அண்டாவில்தான் வேகும். பித்தளை அண்டா. நாலு பேர் தூக்கினால் அசையும், ஆறு பேர் தூக்கினால்தான் நகரும். அந்த அண்டாவை ஏற்றுகிற ஜீப்தான் அன்றைக்கு முதல் வண்டி. மற்ற எட்டும் பின்னால்தான் வரவேண்டும். மேலே சோறு வெந்ததும் முதல் கரண்டி அண்டா வண்டிக்காரருக்கு. அதற்கப்புறம்தான் கோயில் தலைவருக்கே. அது மட்டுமா? வருஷம் முழுக்க ஜீப் ஸ்டாண்டில் 'அண்டாக்காரரே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வருஷம் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலையில் பல் விளக்கும்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? நுரையோடு திரும்பிப் பார்ப்பேன்.

ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கோயிலுக்குக் கீழே வழுக்குமேடு என்று ஓர் இடம். செம்மண். மழை பெய்தால் அது மண் இல்லை சார், வெண்ணெய். எந்த டயரும் அங்கே தானாக ஏறாது. மேலே ஒரு நாவல் மரம் நிற்கிறது. வின்ச் கயிற்றை அதில் கட்டி, வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு ஏறவேண்டும். மேலே போனதும் அது பின்னால் வருகிற வண்டிகளை இழுத்துவிடும். அண்டா வண்டி அப்படித் தன் கயிற்றிலேயே ஏறிவிட வேண்டும். இன்னொருத்தன் வண்டிக் கயிற்றில் ஏறினால், அண்டா அவன் வண்டிக்குப் போய்விடும். ஒன்பது ஜீப்பில் வின்ச் இருப்பது இரண்டில்தான். ஒன்று என்னுடையது. இன்னொன்று சித்தையனுடையது. அவன் எனக்கு மச்சான் முறை. முறைதான், மற்றபடி ஒன்றும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பி அறுந்துவிட்டது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் என் தப்பு ஒன்றும் இல்லை. இரும்புக் கம்பி அறுந்தால் சும்மா விழாது. சாட்டை மாதிரி திரும்பி வரும். அதற்காகத்தான் கம்பி மேல் ஓர் ஈரச் சாக்கைப் போட்டு வைப்பது. அறுந்தாலும் சாக்கின் கனம் அதைத் தரையோடு அமுக்கிவிடும். அன்றைக்குச் சீட்டு நனைந்து கிடந்தது. சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். வேறு எதன் மேல் உட்காருவது?

கம்பி வந்தது பாருங்கள். சைடு கண்ணாடியைக் கொண்டுபோய், பானெட்டைக் கீறி, பின்னால் அண்டாவில் போய் விழுந்தது. 'டங்'. கீழ் ஊர் வரைக்கும் கேட்டதாம். ஆள் மேல் படவில்லை, பூதநாச்சி பார்த்துக்கொண்டாள். அண்டாவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பள்ளம். அப்புறம் சித்தையன் கயிற்றில்தான் ஏறினோம். அந்த வருஷம் சோறு பற்றவில்லை. பள்ளம் விழுந்ததால் நாலு படி குறைந்துவிட்டது என்று பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் எல்லாம் என்னைப் பார்த்து முறைத்தான்.

கோயில் தலைவர் அய்யங்காளை நியாயமான மனுஷன். கூட்டத்தில் எழுந்து சொன்னார். "ஏழு வருசம் ஏத்துனவன். ஒரு தரம் அறுந்துச்சுன்னு ஒதுக்கிற முடியாது. இன்னொரு வருசம் பாப்போம். ஆனா வீரணா, அந்தக் கம்பியோட வந்தீன்னா அண்டா உன் வண்டியில ஏறாது. அடுத்த தரமும் இன்னொருத்தன் கயித்துல ஏறுனா, அதோட சரி. அண்டா சித்தையனுக்கு."

வீரணன் என்பது நான்தான் சார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வீட்டில் யோசிக்கும்போது என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். பெயர் ஜெசிந்தா. இங்கே சப்-சென்டரில் நர்ஸ். குளச்சல் பக்கம், கடல்கரைப் பெண். மாறுதலில் மலைக்கு வந்தாள், நான்தான் அவள் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் வேறு கதை. எங்கள் வீட்டு அலமாரியில் மாதாவும் பூதநாச்சியும் ஒரே விளக்கில் இருக்கிறார்கள், சண்டை இல்லை.

அவள் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கம்பியில் பிசிறு இருக்கும் இல்லையா, அது கிழித்து அதற்கு முந்தின மாதம்தான் ஏழு தையல் போட்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க. இனி கம்பி வேண்டாம் கேட்டியளா. எங்க ஊருல மீன்பிடி போட்டுக்கு நூல் வடந்தான் போடுதாவ. கம்பி மாதிரி இழுக்கும், அறுந்தா செத்த பாம்பு மாதிரி அங்கனயே கெடக்கும். திரும்பி வந்து அடிக்காது."

"நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் முதலில் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் வின்ச் சாமான் விற்கிற கடைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் மூன்று தடிமனில் எடுத்துப் போட்டார். நான் பார்த்ததும் சொல்லிவிட்டேன்: "அந்தப் பெருசக் குடுங்க." பெரியது பார்க்கவே கம்பீரமாக இருந்தது, மலைப்பாம்பு மாதிரி.

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். பிறந்த குழந்தைக்குத் தலை அளப்பார்களே, அந்த டேப். அதற்கு முந்தின நாளே, கயிறு சுற்றுகிற வின்ச் டிரம்மை அளந்து ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

"டிரம்மு அகலம் இவ்வளவு, ஒசரம் இவ்வளவு. இந்தப் பெரிய கயிறு எத்தன மீட்டர் ஏறும்?"

"பதினாலு மீட்டர்தாங்க மேடம் ஏறும்."

"பத்து மில்லி போட்டா?"

"இருபத்தெட்டு."

"நாவல் மரத்துக்கு இருபத்தொண்ணு. டிரம்முல பத்துச் சுத்தாவது மிச்சம் கெடக்கணும், இல்லேன்னா வழுக்கும். அதுக்கு ரெண்டர மீட்டர். பத்து மில்லி எத்தன டன் தாங்கும்?"

"எட்டு டன் தாங்கும். உங்க வின்ச் இழுக்கறது நாலுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நான் தலையாட்டியதால்தான் பத்து மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று.

கயிற்றைக் கடைக்காரர் ஒரே கையில் சுருட்டிக் கொடுத்தார். எவ்வளவு எடை இருக்கும் சொல்லுங்கள்? மூன்று கிலோவுக்குள். பழைய கம்பி பதினைந்து கிலோவுக்கு மேல். தண்ணீரில் போட்டால் மிதக்கும் சார். கடைக்காரர் நல்ல மாதிரி. எல்லாம் சொன்னார். "கல்லுல உரசுற எடத்துக்கு உறை இருக்கு, மாட்டிக்கங்க. சேறு பட்டா கழுவிடுங்க. முடிச்சு மட்டும் போட்டுராதீங்க, பாதி பலம் போயிடும். அப்பறம் இதுக்குச் சூடு ஆகாது. கொதிக்கிற தண்ணிய விடக் கொஞ்சம் கூடப் போனாலே இளகிரும்."

"நாங்க என்னங்க இதுல வடையா சுடப்போறோம்?" என்றேன். கடையே சிரித்தது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. நிறம். கறுப்பு, சாம்பல், ஆரஞ்சு, பச்சை என்று நாலு இருந்தது. இதில் ஜெசிந்தா ஒன்றுமே பேசவில்லை, எல்லாப் பொறுப்பும் என் தலையில். கறுப்பு சேற்றில் தெரியாது. ஆரஞ்சு செம்மண்ணில் தெரியாது. சாம்பல் என்றால் பழைய கம்பி மாதிரியே இருக்கும், அப்புறம் அய்யங்காளை அதையே கம்பி என்று சொல்லிவிட்டால்? முக்கால் மணி நேரம் யோசித்தேன். ஜெசிந்தா வாசலில் உட்கார்ந்து ஓர் இளநீர் குடித்து, இன்னொன்றும் குடித்தாள். கடைசியில் பச்சை என்று முடிவு செய்தேன். கிளிப்பச்சை. இன்றைக்கும் பாருங்கள், எல்லாரும் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். நான் பச்சை எடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை எங்கே போயிருக்கும்?

மாட்டுகிற அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சித்தையன் கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, நர்சக்கா பாவாடையில இருந்து நாடாவ உருவிட்டு வந்துட்டியா?"

"சிரி மச்சான், சிரி. கார்த்திகையில பாப்பம்."

"பாக்கத்தான் போறோம். அண்டாவத் தொட்டில் கட்டி ஆட்டப்போற."

அன்றைக்கிலிருந்து என் கயிற்றுக்கு ஊரில் 'பாவாடை நாடா' என்றே பெயர்.

கம்பியை உருவிப் போட்டேன். கயிறு மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். ஜெசிந்தா சப்-சென்டரிலிருந்து ஒரு கட்டுப் பஞ்சு கொண்டுவந்தாள். வின்ச்சுக்கு முன்னால் கம்பி வந்து போக நாலு இரும்பு உருளை இருக்கும் இல்லையா? அதன் மேல் பஞ்சை மெதுவாக ஓட்டினாள். நல்ல உருளைகள் சார், ஒன்பது வருஷம் உழைத்தவை. பஞ்சு அங்கங்கே மாட்டி, வெள்ளை வெள்ளையாக இழை நின்றது.

"பாத்தியளா? பஞ்சு எங்கெல்லாம் பிடிக்கோ அங்கெல்லாம் கயிறு அறும். இத்தன வருசம் கம்பி ஓடி உருளையக் கீறி வச்சிருக்கு. இது ஆகாது."

"புதுசா பஞ்சு வைத்தியம் பண்றாங்கப்பா ஜீப்புக்கு" என்றான் சித்தையன்.

உருளையைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் ஒரு தட்டு, நடுவில் வாய் மாதிரி நீளமான ஓட்டை, ஓரமெல்லாம் வழவழவென்று உருட்டியது, அதை வாங்கி மாட்டினோம். டிரம்மில் இருந்த பிசிறையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தோம். தேய்த்தது அவள். டார்ச் பிடித்தது நான், டார்ச் இல்லாமல் ஒன்றும் தெரிந்திருக்காது. பழைய பழக்கத்தில் கயிற்றுக்கு கிரீஸ் தடவலாம் என்று டப்பாவைத் திறந்தேன். "கையக் கழுவிட்டு வாங்க, சோப்புப் போட்டு" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் மாதிரிதான்.

இதைக் கவனியுங்கள் சார், இதுதான் எல்லாரும் விடுகிற இடம். கயிற்றைச் சும்மா லொடலொடவென்று சுற்றி வைக்கக் கூடாது. முதல் அடுக்கு இறுக்கமாக, ஒன்றை ஒன்று ஒட்டிச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் பளு வரும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துச் சரிவில் ஜீப்பை நிறுத்தி, கயிற்றின் முனையை வேப்பமரத்தில் அகலப் பட்டை போட்டுக் கட்டி, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே இழுத்துக்கொண்டு ஏற ஏறச் சுற்றினோம். அவள் டிரம் பக்கம் நின்று பார்த்து "விடுங்க", "பிடிங்க", "நிப்பாட்டுங்க" என்று சொன்னாள். பிரேக் மிதித்தது நான். சுற்றி முடித்ததும் பார்க்கணுமே, சந்தையில் நூல்கண்டு வைத்த மாதிரி இருந்தது.

இவ்வளவும் செய்தாயிற்று. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. அவள் சப்-சென்டரில் இருந்தாள். நான் வண்டிக்குப் பூஜை போட்டேன். இந்த ஒரு காரியம் மட்டும் யாரையும் கலந்துகொள்ளாமல் நான் தனியாகச் செய்தது.

எங்கள் ஸ்டாண்டில் பழக்கம் என்னவென்றால், வின்ச்சுக்குத்தான் முதல் பூஜை. கயிற்று முனையில் இருக்கிற கண்ணி வளையத்தை முன் பம்பரில் மாட்டி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நேர் கீழே பம்பர் மேலேயே கட்டிக் கற்பூரம் கொளுத்துவோம். காற்றில் அணைந்துவிட்டால் அபசகுனம். அதனால் ஒன்றுக்கு மூன்று கட்டியாக வைப்பேன். ஒன்பது வருஷமாகக் கம்பிக்கு அப்படித்தான் செய்தேன், கம்பி ஒரு நாளும் ஆட்சேபிக்கவில்லை.

தீ நன்றாக எரிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். நீளமான வேண்டுதல், அண்டா விஷயம் ஆயிற்றே. கண்ணைத் திறந்து பார்த்தால் கண்ணியும் அதற்குப் பின்னால் ஒரு சாண் கயிறும் பளபளவென்று மின்னுகிறது. வெல்லப்பாகு காய்ந்த மாதிரி. எனக்குப் புல்லரித்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், கெட்டியாகக் கண்ணாடி போல் இருந்தது. முன்னைவிட உறுதியாகிவிட்டது என்றுதானே சார் யாருக்கும் தோன்றும்? உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஆனாலும் அதைப் பார்த்தால் ஜெசிந்தா ஏதாவது சொல்வாள் என்று ஒரு சின்ன நினைப்பு. அதனால் அந்த இடத்தில் ஒரு சாமந்தி மாலையைச் சுற்றிவிட்டேன். மறைக்கவில்லை. மாலை போட்டேன். விழாவுக்கு மாலை போட மாட்டார்களா?

மறுநாள் காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஒன்பது ஜீப். நான் முன்னால், பின்னால் ஆறு பேர் பிடித்துக்கொண்டு அண்டா. பக்கத்து சீட்டில் ஜெசிந்தா. கம்பி போனதால் அவள் அந்த வருஷம்தான் முதல் முதலாக என் வண்டியில் கோயிலுக்கு வந்தாள். எனக்குப் பின்னால் சித்தையன். அவன் வண்டியில் அய்யங்காளை. அதற்குப் பின்னால் கொட்டுக்காரர்கள்.

வழுக்குமேட்டில் பாதி தூரம் ஏறினேன். டயர் நாலும் சுற்றியது, வண்டி கோலம் போட்டுக்கொண்டு கீழேயே வந்தது. சரி, கயிறு. ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முனையைப் பிடித்துக்கொண்டு நாவல் மரத்துக்கு ஏறப் போனவள், மாலையை எடுத்து முன் கண்ணாடி ஓரத்தில் மாட்டினாள்.

நின்றாள்.

"இது என்ன?"

"எது?"

"இது."

"அது பூதநாச்சி அருள்" என்றேன்.

அவள் கண்ணியை இரண்டு கையாலும் மடக்கினாள். படக். அப்பளம் உடைகிற மாதிரி சத்தம். அந்தப் பளபளப்புக்குள்ளே பிரி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நொறுங்கி உதிர்ந்தது. அண்டாவைப் பிடித்திருந்த ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கற்பூரம் எங்கன வச்சிய?"

நான் காட்டினேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள், தோள் இரண்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. திரும்பினபோது கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகம் என்னமோ வேறு மாதிரி இருந்தது. மலை வெயில் அப்படி.

பின்னாலிருந்து ஹாரன். சித்தையன் இறங்கி வந்துவிட்டான்.

"என்ன மாப்ள, நாடா அவுந்துருச்சா? வா, என் கம்பியில கோத்துக்க. வெக்கப்படாத."

அவன் கம்பியைத் தொட்டால் அண்டா போயிற்று. ஏழு வருஷம், அதற்கு மேல் இந்த ஒரு வருஷம், எல்லாம் போயிற்று.

"ஒரு முடிச்சுப் போட்டுக்குவம்" என்றேன் ஜெசிந்தாவிடம்.

"முடிச்சுப் போட்டு ஆறு ஆளையும் அண்டாவையும் ஏத்தவா? பொசுங்குனத வெட்டிட்டுப் புதுசாக் கண்ணி பின்னணும். அர மணிக்கூறு தாங்க."

"அரை மணி நேரமா?" என்றான் சித்தையன். "கிடா பசியில செத்துரும். தலைவரே, நீங்களே சொல்லுங்க."

அய்யங்காளை தாடியைச் சொறிந்தார். கயிற்றைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நர்சம்மா அரை மணி கேக்குது. நீ இப்பவே போவணுங்குற. ரெண்டும் வேணாம். கொட்டு ஒரு சுத்து அடிக்கட்டும். கொட்டு நிக்கிறப்ப கயிறு ரெடின்னா வீரணன் வண்டி. இல்லேன்னா உன் கம்பி."

ஒரு சுற்று என்றால் ஏழெட்டு நிமிஷம்.

ஜெசிந்தா தலையைத் தூக்கி மூத்த கொட்டுக்காரரை ஒரு தரம் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை. ஆவணி மாதம் அவர் மகளுக்கு இரட்டைக் குழந்தை, நடுவழியில் வலி வந்து இவள்தான் பார்த்தாள், ஏதோ நலம் விசாரிக்கிற பார்வை போலிருக்கிறது. அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அடிக்க ஆரம்பித்தார்கள்.

சமையல்காரரிடம் வெங்காயக் கத்தியை வாங்கினாள். பொசுங்கின இடத்துக்கு மேலே நல்ல கயிற்றில் வைத்து அறுத்தாள். லேசில் அறுபடாது சார் அது, கத்தி மழுங்கிவிட்டது. காயம் தைக்கிற தன் பையிலிருந்து வெள்ளை பிளாஸ்திரி எடுத்து முனையை ஊசி மாதிரி கூராகச் சுற்றினாள். "பேனா" என்றாள். என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன். ரீபிளை வீசிவிட்டு அந்த வெறும் குழாயில் முனையைச் செருகினாள். கயிறு பன்னிரண்டு பிரி, நடுவில் குழாய் மாதிரி வெற்றிடம். கண்ணி அளவுக்கு மடித்து, பேனாக் குழாயோடு முனையைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே விட்டு, முக்கால் மீட்டர் தூரம் உள்ளேயே நடத்திக்கொண்டு போனாள். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கின மாதிரி. எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு வெளிக் கயிறு உள் கயிற்றை இறுக்கிப் பிடிக்குமாம். கை பாட்டுக்கு ஓடுகிறது. நடுவில் என்னிடம், "அப்பச்சி போட்டுல நான் பத்து வயசுலயே பின்னுனது" என்கிறாள். நான் பேனா கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

கொட்டு நிற்கவில்லை சார். அதுதான் ஆச்சரியம். ஏழு நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று, நிற்கவில்லை. இதோ முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் மறுபடி முதலிலிருந்து எடுப்பார்கள்.

"யோவ், சுத்து முடிஞ்சிருச்சுய்யா!" என்று சித்தையன் கத்தினான்.

"இல்லீங்க, இது இன்னும் பாதிதான்" என்று மூத்தவர் அடித்துக்கொண்டே சொன்னார்.

"போன வருசம் இவ்வளவு நீளம் இல்லையே?"

"போன வருசம் பாதியிலயே நிப்பாட்டிட்டோம். தெய்வக் குத்தம்."

அய்யங்காளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிஷம் அடித்தார்கள். வியர்த்து ஊற்றுகிறது, ஒருத்தருக்குக் கை விரல் வீங்கிவிட்டது. அவர்களுக்கு என்ன பக்தி என்கிறீர்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெசிந்தா கண்ணிக்குள் வளையத்தை வைத்து, கயிற்றைப் படிய நீவிவிட்டு எழுந்தாள். "ம்" என்றாள். அந்த 'ம்' எப்படிக் கேட்டதோ, அதே அடியோடு கொட்டு நின்றது.

அப்புறம் என்ன? அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் ஏறினாள். கம்பியாக இருந்தால் இரண்டு ஆள் வேண்டும். நாவல் மரத்துக்குப் பட்டை போட்டு மாட்டிவிட்டு ஒதுங்கி நின்று கையைக் காட்டினாள். நான் பட்டனை அழுத்தினேன். கயிறு மண்ணிலிருந்து எழுந்து நேராயிற்று. கம்பி என்றால் கிரீச்சென்று கத்தும். இது ஒரு சத்தம் போடவில்லை. பச்சையாக, கோடு கிழித்த மாதிரி நின்றது. கண்ணி இறுகியது. அண்டா பிடித்திருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். யாரோ குலவை போட்டார்கள். இருபத்தொரு மீட்டரும் அப்படியே, மாமியார் வீட்டுக்குள் புது மாப்பிள்ளை போகிற மாதிரி, அமைதியாக ஏறிப் போய்ச் சேர்ந்தோம்.

மேலே நின்றதும் நான் இறங்கி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் ஜெசிந்தா இருந்த பக்கம் பார்த்துக் கைதட்டினார்கள். அங்கே நாவல் மரம் இருந்தது, மரத்துக்குத்தான் தட்டினார்கள் போல.

அடுத்தது சித்தையன். என் கயிறு வேண்டாம், என் சொந்தக் கம்பியிலேயே வருவேன் என்று வீம்பு. கம்பியை உருவினான். பாதியில் டிரம்மில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் போய்ப் புதைந்துகொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. கம்பியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினான். கடைசியில் மேலே பார்த்துக் கூப்பிட்டான். என்னை இல்லை.

"அக்கா! நர்சக்கா! அந்த நாடாவக் கொஞ்சம் எறக்குங்கக்கா!"

எட்டு வண்டியும் அந்தக் கயிற்றில்தான் ஏறியது சார். ஒவ்வொரு தரமும் அவள் கண்ணியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். ஒரு இழை அசையவில்லை.

கிடா வெட்டினார்கள். சோறு வெந்தது. பள்ளம் விழுந்த அண்டாதான், ஆனால் அன்றைக்கு யாருக்கும் பற்றாமல் போகவில்லை. அய்யங்காளை முதல் கரண்டியை எடுத்துக்கொண்டு, "அண்டாக்காரர் எங்கப்பா?" என்று குரல் கொடுத்தார். நான் முன்னால் போய் நின்றேன், கையில் வாழை இலை. அவர் என்னைக் கடந்து போனார்.

"அம்மா, எலைய நீட்டுங்க" என்றார் ஜெசிந்தாவிடம். "நாவ மரத்துக்குக் கயிறக் கொண்டு போன கை எதுவோ, அதுக்குத்தான் மொதக் கரண்டி. இனிமே நீங்க எந்த வண்டியில ஏறுறீங்களோ, அதுதான் அண்டா வண்டி. ஊருக்குச் சம்மதமா?"

ஊர் 'ஓ'வென்று கத்தியது. கொட்டுக்காரர்கள், கை வீங்கினவர் உட்பட, மறுபடி ஒரு சுற்று அடித்தார்கள். அது ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது சார். என் கையெல்லாம் சேறு, சாப்பாட்டில் சேறு படக்கூடாது, அதனால் என் சார்பாக அவளிடம் கொடுத்திருக்கிறார். புருஷன் பெண்டாட்டியில் யார் வாங்கினால் என்ன? அவள் தன் இலையிலிருந்து ஒரு உருண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். "அண்டாக்காரரே, இனி கற்பூரத்த தரையில வச்சுக் கொளுத்துங்க" என்றாள். பாருங்கள், அவளே என்னை அண்டாக்காரர் என்று கூப்பிட்டாள்.

சித்தையன் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான். "தப்பிச்சே மாப்ள. அக்காவ மட்டும் கோவிச்சுக்கிட்டுப் போக விட்டுராத. என் வண்டியிலயும் முன் சீட்டு காலியாத்தான் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான், புரையேறுகிற வரைக்கும் சிரித்தான். பொறாமை மனுஷனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள். போன மாதம் அவனும் கம்பியைக் கழற்றிவிட்டுக் கயிறு போட்டுவிட்டான். ஆரஞ்சு வாங்கியிருக்கிறான், பாவம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது இதுதான் சார். யோசிக்காதீர்கள். பச்சை வாங்குங்கள்.

என்ன? தடிமனா? அது உங்கள் டிரம்மைப் பொறுத்தது. அளந்துதான் சொல்ல வேண்டும். டேப் என்னிடம் இல்லை. கண்ணி பின்னுவதா? அது ரொம்பச் சுலபம், பேனா இருந்தால் போதும். உருளையைப் பஞ்சு வைத்துப் பார்ப்பது, ஆமாம், அதெல்லாம் சின்னச் சின்ன வேலை, அதை ஜெசிந்தா பார்த்துக்கொள்வாள். அந்த எதிர் வரிசையில், வேப்பமரத்துக்குப் பின்னால், நீலக் கதவு. இப்போது தடுப்பூசி முடிந்திருக்கும்.

எழுந்துவிட்டீர்களா? கயிற்றின் நிறத்தைப் பற்றி இன்னும் நாலு விஷயம் இருக்கிறதே சார். ஆரஞ்சில் ஒரு கெடுதல் என்னவென்றால்... சரி, போங்கள், போய்ப் பாருங்கள். வீரணன் அனுப்பினார் என்று சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னால்தான் அவள் நின்று பேசுவாள்.

சார்! வீரணன்!

கேட்கவில்லை போலிருக்கிறது. சேற்றிலேயும் நல்ல வேகமாகத்தான் நடக்கிறார்.